ஐம்பத்திரண்டு மணி, பத்து நிமிடம்

மலைமேல் இருக்கிற அந்த இடத்தை விமான நிலையம் என்று சொல்வதற்கே கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, அதற்கு முன்னால் ஓடுதளம், ஓடுதளம் முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு. பத்தொன்பது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்று திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அங்கிருந்து கிளம்பி, கடற்கரையில் இருக்கிற இன்னொரு தகரக் கூரைக்குப் போய்விட்டுத் திரும்பும். இதை மேல் நிலையம் என்பார்கள், அதைக் கீழ் நிலையம் என்பார்கள்.

மேல் நிலையத்தின் கவுண்ட்டரில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவளை ஊரில் கடிகாரம் என்பார்கள். நேரில் பேசும்போது கடிகாரக்கா. டிக்கெட் போடுவது அவள், பயணிகளைப் பையோடு தராசில் ஏற்றி எடை எழுதுவது அவள், பைக்குச் சீட்டுக் கட்டுவது அவள், விமானம் இறங்குவதற்கு முன்னால் ஓடுதளத்தில் மேய்கிற ஆடுகளை விரட்டுவதும் அவள். எடை போடும்போது சில பேர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். "மூச்சுக்கு எடை கிடையாது, விடுங்க" என்பாள். அந்தப் பேச்சுக்காகவே அவளைப் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு.

கடிகாரம் என்ற பெயர் வந்தது வேறு விஷயத்தால்.

கவுண்ட்டருக்குப் பின்னால் சுவரில் கம்பெனி ஒரு பலகை மாட்டியிருந்தது. தூரம் 210 கிலோமீட்டர், பயண நேரம் 45 நிமிடம். இந்த 210 என்பது வரைபடத்தில் அடிமட்டம் வைத்து இரண்டு புள்ளிகளைச் சேர்த்த தூரம். நடுவே ஒரு சிகரம் நிற்பது அடிமட்டத்துக்குத் தெரியாது. சின்ன விமானம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப் போனால் 265. நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்த வழித்தடம் தொடங்கிய அன்று நாலே நாலு அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு, ஒரு பை பெட்டி இல்லாமல், பின்காற்று தள்ள, துளி மேகம் இல்லாத வானத்தில் சிகரத்தின் தோளை உரசுகிற மாதிரி ஒரு தடவை பறந்தார்கள். அன்றைக்கு ஆன நேரம் அது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட விமானம் அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. நல்ல நாளில் ஒரு மணி நேரம். மற்ற நாளில் இங்கே மூடுபனி, நடுவில் எதிர்க்காற்று, அங்கே மழை. பறக்கிற நேரத்தைவிடத் தரையில் காத்துக் கிடக்கிற நேரம்தான் அதிகம்.

முதல் பதினோரு வருஷம் அவளும் கேட்டவர்களுக்கெல்லாம் நாற்பத்தைந்து நிமிஷம் என்றுதான் சொன்னாள். பலகையில் இருந்தது, சொன்னாள். அதில் பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் மரக்கடைக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கீழ் ஊர் ஆஸ்பத்திரியில் அவருடைய அப்பா கடைசிக் கட்டத்தில் இருந்தார். எவ்வளவு நேரத்தில் போகலாம் என்று கேட்டார். அவள் நாற்பத்தைந்து நிமிஷம் என்றாள். அவர் கவுண்ட்டரில் நின்றபடியே போன் போட்டு, அப்பாவின் காதில் வைக்கச் சொல்லி, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சத்தமாகச் சொன்னார். அன்று விமானம் மதியம் வரை கிளம்பவில்லை. கிளம்பியதும் கீழே மழை. பாதி வழியில் உப்பளத்துப் பக்கம் இருக்கிற அவசர ஓடுதளத்தில் இறங்கிவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தது மறுநாள் சாயங்காலம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பத்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் குரலையே உயர்த்தவில்லை.

"நீங்க முக்கால் மணி நேரம்னு சொன்னீங்கம்மா. நானும் அப்பாகிட்ட அதையே சொல்லிட்டு போனை வச்சுட்டேன். ரெண்டு நாள் ஆகும்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்குப் போன்லயே எல்லாத்தையும் பேசியிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவளால் அன்று பகல் முழுக்க ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. கம்பெனி சொன்னதைச் சொன்னேன் என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். சொன்ன வாய் யாருடையது என்று மனசு திருப்பிக் கேட்டது.

அதிலிருந்து அவள் அந்த எண்ணைச் சொல்வதில்லை என்று முடிவுகட்டினாள். வீட்டிலிருந்து பிள்ளைகள் எழுதிப் பழகிய ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து கம்பெனிப் பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். கடைசிப் பத்துப் பயணம் எத்தனை மணிக்கு எடை போட்டு, எத்தனை மணிக்குக் கீழே கதவு திறந்தது என்பதைச் சாக்பீஸால் எழுதி வைத்தாள். 'ஒன்றரை மணி. ஐந்து மணி. இரண்டு மணி. மறுநாள். ஒன்றேகால். மூன்று மணி.' இப்படிப் போகும் அந்தப் பலகை. யாராவது எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் விரலை நீட்டி அதைக் காட்டுவாள். "ராத்திரி தங்கற மாதிரி ஒரு துணி எடுத்துக்குங்க. அங்க காத்திருக்கிறவங்ககிட்ட வந்ததும் கூப்பிடறேன்னு மட்டும் சொல்லுங்க, நேரம் சொல்லாதீங்க" என்பாள்.

கடிகாரம் என்ற பெயர் அப்போது விழுந்ததுதான். முதலில் கிண்டலாக விழுந்தது. ஒரு வருஷம் போனபோது கிண்டல் கழன்றுபோய்ப் பெயர் மட்டும் நின்றது. ஜனங்கள் போர்வை, பிஸ்கட், மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தாமதமானால் கவுண்ட்டரில் வந்து கத்துவது நின்றுபோனது. கத்துவதற்கு என்ன இருக்கிறது, அக்காதான் முன்னாலேயே சொல்லிவிட்டாளே.

ஐந்து வருஷம் யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு வட்டார மேலாளர் வந்தார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. வந்த முதல் வாரமே மேல் நிலையத்தைப் பார்க்க வந்தவரின் கண்ணில் கரும்பலகைதான் முதலில் பட்டது. நம் சரக்கை நாமே குறை சொல்லி விற்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அதை இறக்கச் சொன்னார். அவள் மறு பேச்சுப் பேசாமல் இறக்கினாள். ஆணியைக்கூடப் பிடுங்கிவிட்டாள். மேலாளருக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வந்த பயணிகளிடம் அதையே வாயால் சொன்னாள்.

மேலாளர் போனில் கூப்பிட்டு, பலகையை எடுக்கச் சொன்னேனே என்றார். எடுத்துவிட்டேன் சார் என்றாள். வாயால் ஏன் சொல்கிறீர்கள் என்றார். கேட்கிறார்கள் சார், கேட்டால் பதில் சொல்வது என் வேலை என்றாள். கம்பெனி நேரத்தைச் சொல்லுங்கள் என்றார். கம்பெனி நேரம் சுவரிலேயே இருக்கிறது, கண் இருக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள், என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன் என்றாள். அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம் கேட்டது.

ஒரு சனிக்கிழமை உத்தரவு வந்தது. அவளைக் கீழ் நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே பொறுப்பேற்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாக இருந்தால் போய்ச் சேர ஒரு நாள் அவகாசம் தருவது கம்பெனி விதி. அவளுக்கு அது கிடையாது என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள்: 'கம்பெனி விமானத்தில் பயண நேரம் 45 நிமிடம் மட்டுமே என்பதால்.'

அவளுடைய வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மலைக் குளிரில் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களே குறைவு. வைத்திருப்பவர்கள் வீட்டிலும் அது கெட்டுப்போவதில்லை. ஆகவே அவருக்கு எப்போதும் கொஞ்சம் ஓய்வு இருந்தது, நிதானமும் இருந்தது. உத்தரவை இரண்டு தடவை படித்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள், இனிமேல் யாருக்காக இந்த மல்லுக்கட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்றார். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். சரி, அப்படியானால் நாளைக்கே பஸ்ஸில் கிளம்பலாம், பதினோரு மணி நேரம், ஆற்றைப் படகில் தாண்டினால் ராத்திரிக்குள் போய்விடலாம், நானும் கூட வந்து விட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

"பஸ் வேண்டாங்க" என்றாள் அவள். "அவங்க விமானத்துலயே போறேன். அவங்க சொன்ன நேரத்துலயே என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்."

"வேணும்னே மாட்டிக்கப் போறியா?"

"நான் மாட்டிக்கல. எழுதினவங்கதான் மாட்டப் போறாங்க."

அவர் எழுந்து போய் அவளுடைய பெட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு கயிறு கட்டினார். முப்பது வருஷத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம், அவள் ஒன்றைப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான்.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தன்னையே தராசில் நிறுத்தி, தன் எடையைத் தானே எழுதினாள். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் மூடுபனியில் பதினொன்று இருபதுக்குக் கிளம்பியது. அவளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். பக்கத்து இருக்கையில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், மடியில் கருவிப் பை. பின்னால் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு. சிகரத்தைச் சுற்றி முடித்தபோது கீழே கடற்கரைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அரை மணி நேரம் வட்டமடித்துப் பார்த்தார்கள். மழை விடுகிற மாதிரி இல்லை. கேப்டன் விமானத்தைத் திருப்பி உப்பளத்து ஓடுதளத்தில் இறக்கினார்.

அங்கே ஒரு கொட்டகை, ஒரு காவல்காரர், ஒரு தண்ணீர்த் தொட்டி. வேறு எதுவும் கிடையாது. மறுபடி கிளம்ப எண்ணெய் பற்றாது; எண்ணெய் லாரி மறுநாள்தான் வரும். பயணிகள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பயணிதான், அன்று அவளுக்கு எந்த நிலையத்திலும் வேலை இல்லை. இருந்தாலும் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. எழுந்து சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காவல்காரரிடம் கேட்டு அடுப்பு மூட்டினாள். ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் போன் போட்டு, இன்றைக்கு வரமாட்டார், நலமாக இருக்கிறார், நாளைக்கு எத்தனை மணி என்று கேட்காதீர்கள் என்று சொன்னாள். மருந்து சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று விசாரித்தாள். இருந்த ரொட்டியையும் பிஸ்கட்டையும் எல்லோருக்கும் பங்கு வைத்தாள். டீச்சர் ஒரு கட்டு விடைத்தாளை முழுசாகத் திருத்தி முடித்துவிட்டு, இவ்வளவு அமைதியாக வீட்டில்கூடத் திருத்தியதில்லை என்றாள்.

அந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எல்லோரிடமும் போய், உங்கள் பயணச்சீட்டின் பின்பக்கம் எத்தனை மணிக்கு எடை போட்டீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். போய்ச் சேர்ந்ததும் சேர்ந்த நேரத்தை எழுதி என்னிடம் தந்துவிடுங்கள் என்றாள். எதற்கு என்று குழாய்க்காரர் கேட்டார். அவள் உத்தரவை எடுத்துக் காட்டினாள். அவர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். முதல் கையெழுத்து அவருடையது.

மறுநாள் எண்ணெய் லாரி வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. கிளம்பினார்கள். கடற்கரையில் இப்போது மழை இல்லை, காற்று. ஓடுதளத்துக்குக் குறுக்கே அடித்த காற்று. இரண்டு தடவை இறங்கப் பார்த்துவிட்டு, கேப்டன் இந்தத் தடவை மலைக்கே திரும்பினார். ஆக, திங்கள்கிழமை காலையில் மேல் நிலையத்திலிருந்து கிளம்பியவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேல் நிலையத்தில் இறங்கினாள்.

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, நாப்பத்தஞ்சு நிமிஷம் முடிஞ்சுதா?" என்றார்.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவரை அவள் இன்றைக்கும் மெச்சுகிறாள்.

புதன்கிழமை, வழக்கமான விமானம், அதே பதினெட்டுப் பேர். மேல் நிலையத்திலிருந்து பத்து ஐம்பதுக்குக் கிளம்பியது. அன்று காற்றும் ஒத்துழைத்தது, மேகமும் ஒத்துழைத்தது. பன்னிரண்டு மணிக்குச் சக்கரம் தரையைத் தொட்டு, பன்னிரண்டு பத்துக்குக் கதவு திறந்தது. கதவருகிலேயே நின்று பதினேழு பேரிடமும் சீட்டை வாங்கிக்கொண்டு, பெட்டியோடு நேரே கீழ் நிலைய அலுவலகத்துக்குப் போனாள்.

கீழ் நிலையப் பொறுப்பாளர் ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிற மனிதர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், மேலிடம் என்றால் தொடை நடுங்குகிறவர். வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளும்போதே அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. அவள் பெயருக்கு நேரே திங்களுக்கும் செவ்வாய்க்கும் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது.

"நான் என்னம்மா பண்ணுவேன், மேல இருந்து போன் பண்ணி எழுதச் சொன்னாங்க" என்றார்.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. இருந்தாலும் அவரிடம் கோபப்படவில்லை. அந்த இரண்டு பதிவையும் அடிக்கிறவரை புதன்கிழமைக் கட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பதிவேட்டை மூடி அவர் பக்கமே தள்ளினாள். எழுந்து போய்க் கவுண்ட்டரில் உட்கார்ந்து, திரும்பிப் போகிற விமானத்துக்கு எடை போட ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பாள், கடைசி ஆளாகப் பூட்டுவாள். பைச்சீட்டு ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து இருக்கும். பதிவேட்டில் மட்டும் இருக்காது. காகிதத்தின்படி கீழ் நிலையத்தில் அப்படி ஒருத்தி வரவே இல்லை. பொறுப்பாளர் தினமும் காலையில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பிசைவார். ஒரு நாள், கையெழுத்துப் போட்டுவிடேன் அம்மா, எனக்காக, என்று கெஞ்சியே விட்டார். உங்களுக்காக என்றால் டீ போட்டுத் தருகிறேன் சார், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள் என்றாள். டீயும் போட்டுக் கொடுத்தாள்.

தங்கியது ஒரு தையல்கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில். பகலில் மிஷின் ஓடுகிற அதிர்வு தரையில் ஏறும். கடல் காற்றில் துணி காயவே காயாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு யாரிடமும் பேச ஆள் இருக்காது. அப்போதெல்லாம், இரண்டு சிவப்பு வார்த்தைக்காக இவ்வளவு வேண்டுமா என்று தோன்றும். திங்கள்கிழமை காலையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்ததும் வேண்டும் என்று தோன்றிவிடும்.

நான்காவது வாரம் விசாரணைக்கு வட்டார மேலாளரே வந்தார். மேல் நிலையத்தில் வேலையை முடித்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே விசாரணை வைத்திருந்தார். சொன்னபடி பத்து மணிக்கு வந்துவிட்டார். விமானம் அப்போது மேலேயே கிளம்பவில்லை, மூடுபனி. வாசலில் நின்ற காரின் சக்கரமெல்லாம் சேறு. வண்டியோட்டி தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவியபடி, நேற்று மத்தியானம் கிளம்பியது, படகுத் துறையிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது என்று பொறுப்பாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் விசாரணை. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். உத்தரவுப்படி பொறுப்பேற்கத் தவறியது, பதிவேட்டில் கையெழுத்திட மறுத்தது, இரண்டுக்கும் விளக்கம் என்ன என்றார்.

"சார் எப்படி வந்தீங்க?" என்று கேட்டாள்.

"அது எதுக்கு இப்ப?"

"கார்ல வந்தீங்க. நேத்து மத்தியானமே கிளம்பிட்டீங்க. நம்ம விமானம் நாப்பத்தஞ்சு நிமிஷம்தானே சார்? இன்னைக்கு ஒம்பது மணிக்கு ஏறியிருந்தா பத்துக்கு வந்திருக்கலாமே."

மேலாளர் வழியில் வேறு வேலை இருந்தது என்றார். மூலையில் நின்ற பொறுப்பாளருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அவள் பதினேழு சீட்டையும் மேசையில் பரப்பினாள். நான் திங்கள் காலை எட்டு மணியிலிருந்து புதன் பன்னிரண்டு பத்து வரை உங்கள் விமானத்தின் பொறுப்பில் இருந்தேன், இதோ கூட இருந்தவர்கள் கையெழுத்து என்றாள். நான் வரவில்லை என்றால் விமானமும் வரவில்லை. அதற்கும் சேர்த்துச் சிவப்பு மை போடுங்கள் என்றாள்.

மேலாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். குழாய்க்காரர் சும்மா கையெழுத்தோடு விடவில்லை. 'அந்தம்மா மட்டும் இல்லையென்றால் நாங்கள் பட்டினி' என்று எழுதியிருந்தார். மேலாளர் இறங்கி வந்தார். சரி, பழசை விடுவோம், இரண்டு நாளையும் விடுப்பாக மாற்றிவிடுகிறேன், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பொறுப்பாளர் மூலையிலிருந்து ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினார்.

"லீவு போட்டவ வீட்ல இருப்பா சார். நான் உப்பளத்துல உங்க பயணிகளுக்கு அடுப்பு மூட்டிட்டு இருந்தேன். லீவுன்னு எழுதினா நான் ஒத்துக்க மாட்டேன்."

"பின்ன என்னதான்மா எழுதச் சொல்றீங்க?"

"நடந்ததை எழுதுங்க."

நடந்ததை எழுதினால் பயண நேரத்தை எழுத வேண்டியிருக்கும். அது அவருக்கும் தெரியும். முகம் இறுகி, விமானத் துறையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், வானிலையைக் கம்பெனி பிடித்து வைக்க முடியுமா என்று கேட்டார்.

அவள் அதுவரை மெதுவாகத்தான் பேசினாள். இப்போது எழுந்து நின்றாள்.

"பிடிச்சு வைக்கச் சொல்லல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாப்பத்தஞ்சு நிமிஷப் பயணத்துக்கு ஒவ்வொரு தடவையும் ரெண்டரை மணி நேர எண்ணெய் எதுக்கு ஊத்தறோம்? விமானத்துக்கு உண்மை தெரியணும்னு நமக்குத் தெரியுது. ஏறி உக்கார்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

 வெளியே கவுண்ட்டரில் யாரோ பெல்லைத் தட்டினார்கள். அவள் மன்னிக்கணும் சார், பயணி காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வெளியே போய், அவருடைய பையை எடை போட்டு, சீட்டுக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குள் மேலாளர் பேனாவைத் திறந்திருந்தார்.

திங்களும் செவ்வாயும் அடிக்கப்பட்டன. பக்கத்தில் 'கம்பெனி விமானத்தில் பயணத்தில் இருந்தார்' என்று எழுதினார். இவ்வளவு போதாது, எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும், விதிப்படி பயண நேரம் குறிப்பிடாமல் எப்படி என்று அவள் பணிவாகவே நினைவுபடுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: '52 மணி 10 நிமிடம்.' கையெழுத்து, தேதி, கம்பெனி முத்திரை. அந்த வழித்தடத்தின் உண்மையான நேரம் ஒன்றைக் கம்பெனி தன் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

அவள் மூன்று வாரக் கையெழுத்தையும் அங்கேயே நின்று வரிசையாகப் போட்டு முடித்தாள். மேலாளர் போன பிறகு அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கவுண்ட்டர் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினாள். பொறுப்பாளர் பதறிப்போனார். கம்பெனி முத்திரை இருக்கிறது சார், கம்பெனிக் காகிதத்தைக் கம்பெனிக் கண்ணாடியில் ஒட்டுவதில் என்ன தப்பு என்றாள். அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு தன் மேசையிலிருந்து பசைநாடாவை எடுத்து வந்து, பிரிந்து நின்ற ஒரு மூலையை அவரே ஒட்டினார்.

மேல் நிலையத்துக்கு அவளைத் திருப்பி அனுப்பவில்லை. மேலாளர் அந்த ஒன்றில் மட்டும் ஜெயித்தார். இரண்டு தடவை விண்ணப்பம் போட்டாள். இரண்டுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை போடவில்லை. கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை. வீட்டுக்காரர் மாதம் இரண்டு தடவை பதினோரு மணி நேரம் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். நாலாவது மாதம் வந்தபோது தையல்கடைக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கொடுத்தார். மறுநாள் பக்கத்து வீடு. அதற்கடுத்த தடவை மீன் கிடங்கு. கடல் காற்று ஒரு ஃப்ரிட்ஜையும் விட்டு வைப்பதில்லை. இரும்பையெல்லாம் அரித்துத் தள்ளுகிறது. அவர் இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, மலையில் ஒரு வருஷத்தில் பார்க்கிற வேலை இங்கே ஒரு வாரத்தில் கிடைக்கிறதே என்றார். கருவிப் பெட்டியோடு குடிவந்துவிட்டார்.

கம்பெனிப் பலகை இரண்டு நிலையத்திலும் இன்னும் நாற்பத்தைந்து என்றுதான் சொல்கிறது. ஆனால் மேல் நிலையத்தில் அவளுக்குப் பதிலாக வந்தவள், ஜனங்கள் கேட்கிற கேள்வி பொறுக்கமாட்டாமல், காலையில் கீழே போன் போட்டு அக்காவிடம் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். "கம்பெனி நேரமா, அக்கா நேரமா?" என்று பயணிகளே கேட்கிறார்கள். போன வருஷம் புதிதாக ஒரு டிக்கெட் மிஷின் வந்தது. அது ஒவ்வொரு டிக்கெட்டிலும் பயண நேரம் 45 நிமிடம் என்று தானாகவே அச்சடிக்கிறது. அவள் ஒவ்வொன்றிலும் அதற்குக் கீழே நீல மையில் அன்றைய நேரத்தை எழுதித் தருகிறாள். டிக்கெட்டில் கையால் எழுதக்கூடாது என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அவள் அன்றைக்கே பதில் போட்டாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. மிஷினைத் திருத்தியதும் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.'

அதற்கு இன்னும் பதில் வரவில்லை. பேனா இதுவரைக்கும் ஒன்பது தீர்ந்திருக்கிறது.